இங்கிலாந்தை ஆண்டவர்

"நான் இங்கிலாந்திலை ஆறு வருசம் ஒரு பரிஷ் நிருவாகத்திலை இருந்தனான். உவ றோஸ்மேரி என்னத்தை நிருவகிச்சவ? டோனட் கடையிலை கோப்பி மெஷினையோ?"

கேட்டுவிட்டு ஸ்ரீஸ்கந்தராசா மைக்கை இரண்டு முறை தட்டினார். மைக் நன்றாகத்தான் வேலை செய்தது. அவருக்குத் தட்டப் பிடிக்கும்.

கனடாவின் ஸ்காபரோவில், பிளாசா ஒன்றின் மாடி மண்டபத்தில், நாவலடிப்புலம் ஊர்க்காரரின் உலகப் பேரவையின் 1996ஆம் ஆண்டுத் தலைவர் தேர்தல். மூன்று தவணையாகக் கதிரையை விடாதவர் ஸ்ரீஸ்கந்தராசா. அவரை எதிர்த்து முதன்முறையாக ஒரு பெண் நிற்கிறார். இன்று தோற்றால், 'பொம்பிளையளுக்கு உது சரிவராது' என்று அடுத்த பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள் என்பது றோஸ்மேரிக்குத் தெரியும்.

"பரிஷ் எண்டால் என்ன அண்ணை?" என்று றோஸ்மேரிக்குப் பக்கத்தில் இருந்த பேபி கேட்டாள்.

"ஒரு மாகாணம் மாதிரி, பிள்ளை. வடக்கை மலை. தெற்கை ஆறு. நடுவிலை எண்ணூறு வருசத்துச் சேர்ச். சனமோ..." கைகளை அகல விரித்தார். "அதைச் சொல்லி வேலையில்லை."

றோஸ்மேரி எழுந்தார். கையில் ஒரு வெளிநாட்டுக் கடிதம்.

"அண்ணை சொல்லாததை நான் சொல்லுறன். அந்தப் பரிஷுக்குக் கடிதம் போட்டனான். மறுமொழி வந்திட்டுது."

ஸ்ரீஸ்கந்தராசா தட்ட எடுத்த விரல் பாதியில் நின்றது.

"பரிஷ் எண்டால் மாகாணம் இல்லை. எங்கடை ஊர் விதானையார் பார்க்கிற பிரிவைவிடச் சின்னன். மலையின்ரை உயரம் நூற்றித் தொண்ணூறு அடி. ஜன்னலுக்காலை பாருங்கோ, அந்தா நிக்கிற அப்பார்ட்மென்ற் அதைவிட உயரம். ஆறு கோடையிலை வத்திப்போகும். கடை கிடையாது. பஸ் செவ்வாயும் வெள்ளியும் மட்டும். மொத்தச் சனத்தொகை எழுபத்திமூண்டு!"

"எழுபத்திமூண்டோ?" பேபி விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்கடை ஊரிலை ஒரு செத்தவீட்டுக்கே அதைவிடச் சனம் வருமே!"

"சனம் குறைவுதான்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "ஆனால் வெள்ளைக்காரன் என்னை நிருவாகத்திலை சேர்த்தவன். அதுக்கு என்ன சொல்லுறியள்?"

"அங்கை கவுன்சிலே இல்லை அண்ணை. அதுக்கு ஆக்கள் காணாது. வருசத்துக்கு ஒருக்கால் கூட்டம் வைப்பினம். வோட் இருக்கிற எல்லாரும் போய் இருக்கலாம். நீங்களும் போய் இருந்தனீங்கள். கூட்டத் தலைவி உங்களைச் சுகம் கேட்டு எழுதியிருக்கிறா. பிஸ்கட் தட்டு காலியாகுமட்டும் நீங்கள் எழும்பமாட்டியளாம்."

நவரட்ணம், தேர்தல் அதிகாரி. அதிகாரி சிரிக்கக்கூடாது என்பதால் அவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார்.

"எழுபத்திமூண்டு பேருக்கு நிருவாகம் எண்டு பேர் வைச்சுப் பெருமையடிக்கிற ஒராள்," றோஸ்மேரியின் குரல் உயர்ந்தது, "ஒரு உலகப் பேரவைக்குத் தலைமை தாங்கலாமோ?"

"கூடாது!" என்று கத்தினாள் பேபி.

கை உயர்த்தச் சொல்லி எண்ணினார்கள். ஸ்ரீஸ்கந்தராசா கேட்டதால் மறுபடி எண்ணினார்கள். முடிவு மாறவில்லை. கைதட்டல் எழுந்தது. மாலை றோஸ்மேரியின் கழுத்தில் விழுந்தது. பேபி அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். தோற்றவர்கூட எழுந்து வந்து கைகொடுத்தார்.

நவரட்ணம் மைக்கைப் பிடித்தார்.

"இது ஒரு வரலாற்று வெற்றி! நூற்றுக்கு நூறு வீத வாக்களிப்பு! ஸ்ரீஸ்கந்தராசா, மூண்டு வாக்கு! றோஸ்மேரி, நாலு!"

பிறகு உலகப் பேரவை முழுவதும் நவரட்ணத்தின் வான் வண்டியில் ஏறி வீட்டுக்குப் போனது.