உள்ளே போகாதவள்

பிணவறை ஊழியர் துணியை விலக்குவதற்குள் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

லாரிக்கு அடியில் ஸ்கூட்டர் கிடந்த கிடையை யாரோ படம் பிடித்து அவனுக்கு அனுப்பியிருந்தார்கள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனசு அதையே போட்டு அரைத்தது. அப்பாவும் அம்மாவும் என்ன கோலத்தில் இருப்பார்களோ.

பயந்த மாதிரி இல்லை.

அப்பா வாயை மூடிப் படுத்திருந்தார். குறட்டையால் வீட்டையே இரண்டாக்குகிற மனுஷர். அம்மாவுக்குத் தலை படிய வாரியிருந்தது. இருவருக்கும் கழுத்துவரை வெள்ளைத் துணி. அதற்குக் கீழே பார்க்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

அம்மாவின் கன்னத்தைத் தொட்டான். சில்லென்றிருந்தது. ஆனால் அம்மாவின் முகம்தான்.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். உள்ளூரிலேயே இருப்பவள். காலையிலேயே வந்துவிட்டாளாம். அவன் வந்ததும், "நீ போய்ப் பாருண்ணா" என்று அவனை மட்டும் உள்ளே அனுப்பினாள்.

ஊசி என்றால் ஊரைக் கூட்டுகிறவள். கரப்பான்பூச்சிக்கு நாற்காலி மேல் ஏறி நிற்பவள். வீட்டில் அவளுக்குப் பெயரே பயந்தாங்கொள்ளிதான்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பயப்படுறதுக்கு ஒண்ணுமில்ல. தூங்குற மாதிரிதான் இருக்காங்க. ஒரு தடவ வந்து பாத்துரு."

மாட்டேன் என்று தலையாட்டினாள்.

கெஞ்சினான். தோளைப் பிடித்து எழுப்பப் பார்த்தான். நட்டு வைத்த கல் மாதிரி இருந்தாள். வழியெல்லாம் அவன் அடக்கி வைத்திருந்தது அத்தனையும் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"பெத்தவங்க முகத்தக்கூடப் பாக்க முடியாதா உனக்கு? அப்படி என்னடி பயம்? இனிமே என் மூஞ்சியிலயும் முழிக்காத!"

தாழ்வாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அழவும் இல்லை. அது அவனுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. விடுவிடுவென்று எழுந்து நடந்தான். இனி தனக்கென்று மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான் என்பது அந்த நேரத்தில் அவனுக்கு உறைக்கவில்லை.

பிணவறை ஊழியர் பின்னாலேயே வந்து அவனை நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, அந்தப் பொண்ணத் திட்டாதீங்க. கொண்டுவந்தப்ப ரெண்டு பேரையும் என்னாலயே பாக்க முடியல. காலையிலேருந்து அதுதான் உள்ள நின்னு துடைச்சுது. நாங்க செய்யுறோம்னு சொன்னாலும் கேக்கல. அண்ணன் வர்றதுக்குள்ள முகத்தையாவது சரி பண்ணிரணும்னு ஒரே பிடிவாதம்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

தங்கை பெஞ்சில் குனிந்து, நகக்கண்ணில் ஒட்டியிருந்த எதையோ துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அது போகவில்லை.