நகல் எடுக்கும் நேரம்

ஒரு மேசையில் பழைய கணினி ஒன்றும் புது மடிக்கணினி ஒன்றும் இருந்தன. பழையதை மறுநாள் தூக்கிப் போடப்போகிறார்கள். இரண்டும் வேறு வேறு இயங்குதளம் என்பதால், இரண்டிலும் ஓடும்படி கோப்புகளை நகலெடுக்கும் நிரல் ஒன்றை அவற்றின் சொந்தக்காரி மெர்லினே எழுதி ஓடவிட்டிருந்தாள்.

"கோப்பு பாட்டுக்கு வந்துக்கிட்டிருக்கும். மெர்லினோட வேலை ஒரு நொடிகூட நிக்காது," என்றது மடிக்கணினி பெருமையாக.

"நான் நகலெடுத்தா அரை மணி நேரம் அப்படியே உறைஞ்சிடுவேன்," என்றது பழையது. "மெர்லினும், கூட வேலை பார்த்த தயாளனும் வேற வழியில்லாம என் முன்னாடி உக்காந்து பேசுவாங்க. அப்படிப் பேசித்தான் கல்யாணமே ஆச்சு."

"இப்ப அவர் அடுத்த ரூம்ல இருக்கார். காலையிலேர்ந்து ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லை."

கடைசிக் கோப்பு வந்தபோது பழையதன் வட்டு திணறி, பாதியில் நின்றது. மெர்லின் பதறிப்போனாள்.

"தயா, ஓடி வாயேன்! பாப்பா முதல்ல பேசின வீடியோ வரமாட்டேங்குது."

தயாளன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளருகே உட்கார்ந்தான். திரையில் சதவீத எண்கள் மெல்ல ஊர்ந்தன.

"முதல்ல 'காக்கா'ன்னுதான் சொன்னா," என்றான்.

"இல்லவே இல்லை, 'அம்மா'ன்னா!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். பேச்சு எங்கெங்கோ போனது.

பழைய கணினி முனகியபடி கடைசித் துண்டையும் தள்ளிவிட்டது. "முழுசா வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"அப்புறம் ஏன் சொல்லாம இருக்கே?"

"அவங்க பேசி முடிக்கட்டும்," என்ற மடிக்கணினி, திரையில் தொண்ணூற்றொன்பதிலேயே நின்றது.