கட்டில் நிறைய முகங்கள்

காய்கறிப் பையோடு வீட்டுக்குள் நுழைந்த தையல்நாயகிக்கு வெறும் சுவரைப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. கணவர் அருணகிரி இதய ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் ஸ்டூல் மேல் ஏறி, சுவரில் மாட்டியிருந்த நாற்பத்தொரு முகமூடிகளையும் கழற்றியிருக்கிறார் மனிதர்.

"என்னங்க!" என்று அறைக்குள் ஓடினாள். கட்டில் முழுக்கக் காகிதக்கூழ் முகங்கள் மல்லாந்து கிடந்தன. அவற்றின் நடுவே, கையில் தூரிகையோடு, அருணகிரியும் மல்லாந்து கிடந்தார். மார்பு ஏறி இறங்குவதைக் கண்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. திட்டுவதற்குத் திறந்த வாயை, எழுப்ப மனமில்லாமல் மூடிக்கொண்டாள்.

முப்பது வருடமாக அவற்றைத் தூசிப் பிசாசுகள் என்று ஏசியவள்தான். இன்று தூரிகையை மெல்ல உருவிக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஊதினாலே நொறுங்கிவிடும் போலிருந்தன. ராணி, புலி, பல்லிளிக்கும் கோமாளி. அடுத்து இருந்தது அவர் முகம். புருவத்தில் தூசி படிந்திருந்தது. அதையும் வருடி எடுத்தாள்.

"பாத்து, தையல்," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "அது ரொம்பப் பழசு."

"தெரியும், பேசாம படுங்க," என்றபடி அவள் அடுத்த புருவத்துக்குப் போனாள்.