அரம் போடாத கத்தி

போன வருஷம் கல்லறைத் திருநாளுக்காகக் காகிதப் பூக்களை மெழுகில் முக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ருஃபினாதான் இதை எனக்கு முதலில் சொன்னாள். அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

"அம்மா, எனக்கு ஒரு வெட்டுக்கத்தி வேணும்."

கேட்டது நோயெமி. உப்பு நிறுத்துக்கொண்டிருந்த கடைக்கார ஹசிந்தாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

நோயெமி தலைநகரத்துப் பெண். வில்பெரைக் கட்டிக்கொண்டு எங்கள் மலைக்கு வந்தவள். தையல் ஊசியைத் தவிர கூரான எதையும் பிடித்தறியாதவள். காலையில்தான் அவர்கள் வீட்டில் சண்டை. "அதைத் தொட்டேன்னா நடக்கறதே வேற!" என்று வில்பெர் போட்ட சத்தம் கடை வரைக்கும் வந்தது. இப்போது அழுது வீங்கிய கண்ணோடு வந்து நிற்கிறாள்.

"உன் புருஷன்கிட்ட ஒண்ணு இருக்குமே?"

"ஒளிச்சு வெச்சிட்டாரு."

சோள மூட்டைமேல் உட்கார்ந்திருந்த சிரிலோ கிழவர் குலுங்கிச் சிரித்தார். "ஒளிச்சு வெச்சிட்டானா? கெட்டிக்காரன்! உயிர்மேல ஆசை இருக்கு அவனுக்கு!"

நோயெமி சிரிக்கவில்லை.

"எதுக்கும்மா உனக்குக் கத்தி?"

"அதை உங்ககிட்ட மட்டும் சொல்ல முடியாதும்மா. இன்னிக்கே முடிச்சாகணும், அவ்வளவுதான்."

ஹசிந்தா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் நேரே கீழ்ச் சந்தைக்குப் போவாள். அங்கே நன்றாகத் தீட்டியே கொடுத்துவிடுவார்கள்.

புதிதாகக் கத்தி பிடிக்கிறவர்களுக்கு ஹசிந்தா கடையில் ஒரு முறை உண்டு. நிமிர்ந்து நிற்கச் சொல்வாள். கையைத் தொங்கவிடச் சொல்வாள். முனை கணுக்காலைத் தாண்டாத, கைக்கு இலேசான கத்தியாகப் பார்த்து எடுப்பாள். புதுக் கத்தி மொட்டையாகத்தான் வரும். அதைப் பலகையில் அழுத்திப் பிடித்து, அரம் போட்டுப் பதம் வைப்பாள். பிறகு பாடம்: "புல்லைக் கையால பிடிக்காதே, கொக்கிக் கம்பால இழு. காலை அகட்டி நில்லு. வீச்சு காலை விட்டு வெளிப்பக்கமா போகணும். உறையிலேருந்து உருவும்போது முதுகுப் பக்கமாப் பிடி, வாய்ப் பக்கம் பிடிச்சே, விரல் போயிரும்." எங்கே, திருப்பிச் சொல்லு என்பாள். சொன்னால்தான் கத்தி கைக்கு வரும்.

அன்றைக்கு அதெல்லாம் ஒன்றுமே இல்லை. இருப்பதிலேயே நீளமான, கனமான கத்தியை எடுத்துப் பலகைமேல் போட்டாள். தூக்க முடியாமல் திணறட்டும். மொட்டையாகவே இருக்கட்டும். யாருக்கும் எதுவும் ஆகாது.

"அரம் போட்டுத் தர மாட்டீங்களாம்மா?"

"அரம் உடைஞ்சு போச்சு." அரம் கல்லாப்பெட்டிக்கு அடியில்தான் இருந்தது.

"எப்படிப் பிடிக்கணும்னாவது…"

"எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு. போயிட்டு வா, தாயி."

அவள் போனதும் ஹசிந்தா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினாள். "தாயே, அந்த வீட்ல ரத்தம் மட்டும் விழக்கூடாது."

"ஏன் இப்படி நடுங்கறே?" என்றார் சிரிலோ. "நீ கொடுத்த கத்தியால வாழைப்பழத்தைக்கூட வெட்ட முடியாது."

அப்படியும் மனசு கேட்கவில்லை. தெருவில் நாய் குரைத்தால் எட்டிப் பார்த்தாள். யாரோ ஓடும் சத்தம் கேட்டால் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். உப்பை இரண்டு தடவை தப்பாக நிறுத்தாள்.

உச்சி வெயிலில் வில்பெர் ஓடி வந்தான். சட்டையெல்லாம் ரத்தம்.

"அம்மா! வெள்ளைத் துணி, சாராயம்! சீக்கிரம்!"

ஹசிந்தா அலறிவிட்டாள். "ஐயோ, எங்கேப்பா வெட்டினா? காட்டு!"

"என்னை எதுக்கு அவ வெட்டறா? வெட்டு அவ கால்லம்மா! படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பழக்கம் இல்லாதவ, உனக்கு வேண்டாம், ஞாயித்துக்கிழமை தோட்டத்துல லீவு, நானே வரேன்னு. அதுக்குள்ள திருநாள் போயிரும்னு அழுதா. பயந்துதான் என் கத்தியை ஒளிச்சு வெச்சேன்."

"கால்… கால் எப்படி இருக்கு?"

"நர்ஸ் தையல் போடறாங்க. நடப்பாளாம். எந்தப் புண்ணியவான் வித்தானோ, சுத்த மொட்டைக் கத்தி! பதம் இருந்தா செடித் தண்டுல இறங்கி நின்னிருக்கும். இது வழுக்கி அவ கால்ல வந்து பாஞ்சிருச்சு. கத்தியோ அவ உயரத்துல பாதி. காலை அகட்டி நிக்கணும்னுகூட யாரும் சொல்லிக் கொடுக்கல."

சிரிலோ தலையைக் குனிந்துகொண்டார். ஹசிந்தா துணியையும் சாராயத்தையும் எடுத்துக் கொடுத்தாள்.

"அப்படி எதைத்தான்ப்பா வெட்டப் போனா, அந்தப் பொண்ணு?"

வில்பெர் தயங்கினான்.

"உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காம்மா. உங்க மகன் கல்லறையில மண்டின புல்லைத்தான். மூட்டுவலியில உங்களால மேட்டுக்கு ஏற முடியல, சிலுவையே தெரியாம புதர் மூடிக் கிடக்குன்னு பார்த்துட்டு வந்து ஒரே அழுகை. சுத்தம் பண்ணி, சுண்ணாம்பு அடிச்சு, திருநாள் அன்னிக்கு உங்களைத் தூக்கிட்டுப் போயாவது காட்டணும்னு சொன்னா…"

இவ்வளவுதான் ருஃபினா சொன்னது. நீங்கள் இந்த வருஷம் கல்லறைக்குப் போனால், பக்கத்தில் ஆள் வராமல் கிடக்கும் கல்லறையின் புல்லையும் கொஞ்சம் வெட்டிவிட்டு வாருங்கள்.