லேட்டுக்கு கேரண்டி இல்லை

மனிதகுலம் இதுவரை ஒரு காரியத்தையும் நேரத்துக்குச் செய்ததில்லை. இனிமேல் செய்தால் அது வேந்தனால்தான்.

சொன்னவன் வேந்தனே. மாரிகுப்பத்தில், தான் பிறந்து வளர்ந்த சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில், பீரோ டெம்போவில் ஏறிக்கொண்டிருந்தபோது சொன்னான். பீரோவின் மறுமுனையைத் தாங்கிக்கொண்டிருந்த டிரைவர் விநாயக் மறுத்துப் பேசும் நிலையில் இல்லை.

வேந்தனுக்குப் பெங்களூரில் கெர்னலில் வேலை. கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் தூங்கிக் கிடக்கிற வேலைகளில் எதை எப்போது எழுப்புவது, எழுந்தவற்றில் எதை முதலில் ஓட விடுவது என்று தீர்மானிக்கிற இடம் அது. ஒரு வினாடியை நூறு கோடியாக நறுக்கி, அதில் நாலு துண்டு குறைந்தாலும் மேனேஜரோடு சண்டைக்குப் போவான்.

டெம்போ மத்தியானம் சரியாக இரண்டு மணிக்குக் கிளம்பும் என்று அறிவித்திருந்தான்.

இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அம்மா சுலோச்சனா விறகோடு பின்கட்டுக்குப் போனாள்.

அங்கே சுவரோடு சேர்த்துக் கட்டிய வெந்நீர் அண்டா இருக்கிறது. சுரங்கத்தில் முதல் ஷிப்ட் இரண்டு மணிக்கு விடும். அப்பா சிவலிங்கம் இரண்டரைக்கு உடம்பெல்லாம் தூசியாக வந்து நிற்பார். அதற்காக இரண்டு மணிக்கே அடுப்பு மூட்டுவாள்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் பூமிக்கடியில் பாறை வெடித்து அவர் இருந்த லெவல், அந்த ஆழத்துச் சுரங்கப்பாதை மொத்தமும், மூடிக்கொண்டது. ஆளை எடுக்க முடியவில்லை. பிறகு சுரங்கத்தையே மூடினார்கள். அடுப்பை மட்டும் யாரும் மூடவில்லை. அவருடைய படத்துக்கு மாலை போடவும் அவள் யாரையும் விட்டதில்லை.

மூன்று வருடக் கெஞ்சலுக்குப் பிறகு ஃபிளாட்டுக்கு வரச் சம்மதித்திருந்தாள். ஒரே நிபந்தனை: கிளம்புகிற நாளிலும் தண்ணீர் காய வேண்டும்.

வேந்தன் விறகைப் பிடுங்கிக் கீழே போட்டான்.

"எங்க ஆபீஸ்ல இதுக்குப் பேரு 'பக்'கும்மா, ப்ரோக்ராம்ல கோளாறு. டைமர் வெச்ச ஆளு பூட்டான், டைமர யாரும் கேன்சல் பண்ணல. தெனம் ரெண்டு மணிக்கு அடிச்சிகினே கீது."

"உன் டைமரு சொன்ன நேரத்துக்கு முன்னாடி எழுப்பிடுமா?"

"எழுப்பாது. அது கேரண்டி."

"லேட்டா?"

"லேட்டுக்கு கேரண்டி இல்ல. முன்னால வேற ஆளுங்க நின்னா முறை வர்ற வரைக்கும் உள்ளயே கெடக்க வேண்டிதுதான்."

"எவ்ளோ நேரம்?"

"எவ்ளோ வேணா ஆவும்."

"அப்ப லேட்டுதான்" என்றாள் சுலோச்சனா. "வரமாட்டாருன்னு ஆவல."

 

அவள் புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு போய் டெம்போவின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சண்டை போடவில்லை. அழவில்லை. அவனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

வீட்டைப் பூட்ட அவன் மட்டும் உள்ளே போனான்.

காலி அறையில் அவன் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் கொஞ்சம் தாமதமாக இன்னொரு அடி கேட்டது. எதிரொலிதான். படித்தவன், தெரியாதா?

நின்றான். கடைசி அடி கேட்டு முடிய, இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் நேரமானது.

இரண்டு மணி. வெளியே ஹாரன் அடித்தது.

"ஆபீஸ் கால் வந்துகீதுண்ணா! அரமணி நேரம் ஆவும்!" என்று உள்ளிருந்தே கத்தினான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. போன் டெம்போ டேஷ்போர்டில், அம்மாவின் கண்ணெதிரே கிடப்பது கத்தி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

 பின்கட்டிலிருந்து புகை கூரைக்கு மேலே ஏறத் தொடங்கியதும் அம்மா குரல் கேட்டது.

"இருப்பா விநாயக். அவன் மீட்டிங்ல கீறான்."

தண்ணீரில் ஆவி வந்தது. சூடு பார்க்க விரலை நீட்டியவன், தொடாமலேயே இழுத்துக்கொண்டான்.

பாறை வெடித்த அந்த நாள் சேதி கேட்டு சுலோச்சனா சுரங்கத்து ஷாஃப்ட் வாய்க்கு ஓடிவிட்டாள். அடுப்பில் தண்ணீர் காய்ந்து நின்றது. வீணாகப் போகிறதே என்று பக்கத்து வீட்டு வெங்கடம்மா அதை மொண்டு மொண்டு, மத்தியானத் தூக்கக் கலக்கத்தில் சிணுங்கிய ஆறு வயது வேந்தனின் தலையில் ஊற்றினாள்.

கடைசிச் சொம்பு வரைக்கும். அப்பாவுக்கென்று ஒரு சொட்டும் மிச்சமில்லை.