இருபது நிமிஷ இஞ்சின்

எத்தனை குதிரைசக்தி என்று கேட்பவன் மடையன், அந்தச் சக்தி எத்தனை நேரம் தாங்கும் என்று கேட்பவன்தான் மனுஷன் என்பது மெக்கானிக்கின் கட்சி. இஞ்சினைத் தொடும் முன் யாரிடமும் மூன்று கேள்வி கேட்பார். என்ன பாரம், என்ன ரோடு, நிறுத்தாமல் எவ்வளவு நேரம்? பதிலை வைத்தே ஆளின் யோக்கியதையைச் சொல்லிவிடுவேன் என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வார். அந்த அம்மாளும் அதை அப்படியே நம்பிப் பூரித்துப்போவாள்.

திங்கட்கிழமை ஒரு பெரியவர் பழைய வேனோடு வந்தார். மூக்குக்கண்ணாடி, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகம் கொண்டுபோகிறாராம். வேகம் வேண்டாம், முழுப் பாரத்தோடு ஆறு மணி நேரம் ஏறினாலும் இஞ்சின் சூடாகக் கூடாது என்றார். மெக்கானிக்கின் கண்ணே கலங்கிவிட்டது. வேகத்தைக் குறைத்து, இழுவையைக் கூட்டி, பெரிய ரேடியேட்டர் மாட்டி, பெற்ற பிள்ளையைப் போல வழியனுப்பினார்.

புதன்கிழமை வந்தவன் நேர்மாறு. தடித்த கழுத்து, நம்பர் பிளேட் இல்லாத கார்.

"என்ன பாரம்?"

"நாலு பேர்."

"நிறுத்தாம எவ்வளவு நேரம் ஓடணும்?"

"இருபது நிமிஷம் பறக்கணும். அப்புறம் இஞ்சின் செத்தாலும் கவலையில்ல. வெளியில மூச்சு விடக் கூடாது."

மெக்கானிக் நம்பர் பிளேட் இல்லாத காரை இன்னொரு தரம் பார்த்தார். இருபது நிமிஷத்தில் வாழ்ந்து முடிக்கிற இஞ்சினை எந்தக் குடும்பஸ்தன் கேட்பான்? எங்கேயோ கொள்ளையடிக்கப் போகிறார்கள், சந்தேகமே இல்லை.

போலீசில் சொல்லலாம்தான். ஆனால் முன்பு ஒருமுறை, இவர் கைபட்ட கார் ஒன்று திருட்டில் சிக்கியபோது, தானே போய் உண்மையைச் சொன்ன பாவத்துக்கு எட்டு மாதம் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தவர் அவர். இன்னொரு கேஸில் பெயர் அடிபட்டால் ஒர்க்‌ஷாப்பைக் காலி செய்துகொள் என்று இடத்துக்காரர் அப்போதே கறாராகச் சொல்லிவிட்டார்.

அதனால் நியாயத்தைத் தன் கையாலேயே நிலைநாட்டினார். அறுபது குதிரைசக்தியைத் தொண்ணூறாக்கினார். தண்ணீர்க் குழாய்க்குள் மட்டும், யாருக்கும் தெரியாமல் ஒரு சின்ன அடைப்பு. ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தால் புயல்தான். பத்தாவது நிமிஷம் கொதித்து நின்றுவிடும். தடிக்கழுத்தன் ஓட்டிப் பார்த்துவிட்டு, சிரித்த முகமாகக் கிளம்பிப் போனான்.

சனிக்கிழமை காலை அவன் நடந்தே வந்தான். அவன் என்ன அவன், அவர். இன்ஸ்பெக்டர் உடுப்பில் இருந்தார்.

நகைக்கடைப் பெட்டகத்தையே பெயர்த்துக்கொண்டு போகும் கும்பல் ஒன்று ஊருக்குள் வந்திருப்பதாகத் துப்புக் கிடைத்திருந்ததாம். போலீஸ் ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் திருடனுக்குத்தான் முதலில் தெரியும் என்பதால் ரகசியமாக இங்கே வந்தாராம். மலையடிவாரத்தைத் தொடுமுன் கும்பலை மடக்க இருபது நிமிஷம் போதும் என்பது கணக்கு. பாதி வழியில் கார் ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. கும்பல் பெட்டகத்தோடு நிதானமாக மலையேறிப் போய்விட்டதாம்.

மெக்கானிக் அவசரமாக மனசுக்குள் கணக்குப் போட்டார். வேண்டுமென்றே அடைத்தது தெரிந்தால் கும்பலுக்குக் கூட்டாளி என்று உள்ளே தள்ளிவிடுவார்கள். தொழில் தெரியாதவன் என்று பெயர் வாங்குவது ஒன்றுதான் தப்பிக்க வழி.

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் சார்" என்று தலையைச் சொறிந்தார்.

இன்ஸ்பெக்டர் நம்பிவிட்டார். ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

"ஒரு இஞ்சினை ஒழுங்கா செய்யத் துப்பில்ல, உனக்கெல்லாம் எதுக்குய்யா ஸ்பேனர்?"

"வாஸ்தவம் சார்" என்றார் மெக்கானிக், உள்ளுக்குள் நிம்மதியாக.

டீயோடு உள்ளே வந்த மனைவியின் காதில் விழுந்தது இந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான். கட்டின புருஷனை இப்படி ஒருத்தர் பேச, அவரும் தலையாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை. டம்ளரை டங்கென்று வைத்தாள்.

"யாரைப் பாத்து சார் துப்பில்லைங்கறீங்க? எவ்வளவு பாரம் ஏத்தினாலும் சூடாகாம மலையேறுற மாதிரி, திங்கட்கிழமை ஒரு பெரியவருக்குப் பழைய வேன் ஒண்ணைச் செஞ்சு குடுத்ததே இவர்தான், வேணும்னா அந்த வேனைப் புடிச்சுப் பாருங்க."