இரண்டாம் பக்கம்

போனில் யாரோ அனுப்பிய அந்த ஒரு பக்கத்தைப் படித்ததும் அரியமுத்துவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒன்பது பேர் சேர்ந்து தொடங்கிய பாடாலூர் பாதயாத்திரை பக்தர்கள் பாதுகாப்புச் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். நாலு ஆட்களோடு பெரம்பலூர்க் கல்லூரிக்குப் போய், பாடம் நடந்துகொண்டிருந்த வகுப்புக்குள் நேராக நுழைந்தான்.

"இத எழுதுனது நீதான?" என்று பேராசிரியை மணிமொழியின் முகத்துக்கு நேரே போனை நீட்டினான்.

"நான்தாங்க. பிள்ளைங்களுக்குக் குடுத்த குறிப்பு அது."

அரியமுத்து உரக்கப் படித்தான். "'யாத்திரை போகிறவர்களைக் காக்க ஒன்பது பேர் சேர்ந்தார்கள். விரதம் பூண்டு, ஆயுதமும் எடுத்தார்கள். காணிக்கையாக நிலம் குவிந்தது. பிறகு அவர்களை யாராலும் கேள்வி கேட்க முடியவில்லை.' எவ்வளவு கொழுப்பு இருந்தா எங்களப் பத்தி இப்புடி எழுதுவ?"

"சார், நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க..."

"வாய மூடு! ஏரிப் பொறம்போக்க வளைச்சோம். அந்த ஆண்டாயிய மெரட்டித்தான் நெலத்த எழுதி வாங்குனோம். ஊரே வாயத் தொறக்கல, ஒனக்கு என்ன வந்துச்சு?"

மணிமொழி மேசையிலிருந்த முதல் பக்கத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"இது தொள்ளாயிரம் வருசத்துக்கு முந்தி ஜெருசலேம் வழியில காவல் காத்த கிறிஸ்தவப் போர்த் துறவிங்களப் பத்துன பாடங்க. தலைப்பு மொதப் பக்கத்துல இருக்கு. ஒங்களுக்கு ரெண்டாம் பக்கத்த மட்டும் யாரு அனுப்புனா?"

கடைசி பெஞ்சில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த பெண் எழுந்து நின்றாள்.

"நான்தான் மேடம். ஆண்டாயி மவ."